உடன்பிறந்தோர் சேர்ந்து உணவு இறக்குமதி செய்யத் தொடங்கும்போது: முதல் கன்டெய்னருக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

பேரீச்சம்பழக் கன்டெய்னர் ஒன்று சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய நாளிலிருந்து இரண்டு கணக்குகள் ஓடத் தொடங்குகின்றன. ஒன்று பழத்தின் ஆயுள். மற்றொன்று கன்டெய்னருக்கான வாடகை. வீட்டில் யார் யாரோடு பேசாமல் இருக்கிறார்கள் என்பதற்காக இந்த இரண்டும் நிற்பதில்லை. அண்ணன், நான், தம்பி ஆகிய மூவரும் சேர்ந்து உலர்பழ இறக்குமதி நடத்தி வருகிறோம். வெளிநாட்டு விற்பனையாளரிடமும் சுங்கத்திலும் பட்ட இழப்புகளை எங்களால் தாங்க முடிந்தது. எங்களுக்குள் பேசி முடிக்காமல் விட்ட விஷயங்களால் ஏற்பட்ட இழப்புதான் ஒரு கட்டத்தில் தொழிலையே மூடிவிடும் நிலைக்குக் கொண்டுபோனது. ஆகவே இறக்குமதி முறைகளையும் உடன்பிறந்தோர் ஏற்பாடுகளையும் தனித்தனியாகப் பிரிக்காமல், ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

உரிமம் யார் பெயரில்?

பெரும்பாலான குடும்பங்களில் தொழில் மூத்தவர் பெயரில்தான் தொடங்குகிறது. அவரிடம் ஏற்கெனவே பான் எண்ணும் நடப்புக் கணக்கும் இருக்கும். ஆரம்பத்துக்கு அது வசதியாகத் தோன்றும். ஆனால் இறக்குமதித் தொழிலில் எல்லாமே அந்த ஒரு பான் எண்ணைச் சுற்றியே கட்டப்படுகிறது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டு வணிக இயக்குநரகம் தரும் ஐ.இ.சி. எனப்படும் இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண் இப்போது பான் எண்ணாகவே இருக்கிறது. ஜி.எஸ்.டி. பதிவு, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இறக்குமதியாளருக்குத் தரும் மத்திய உரிமம், சுங்கத்தின் ஐஸ்கேட் தளத்தில் செய்யும் பதிவு, வங்கியின் அந்நியச் செலாவணிக் கணக்கு ஆகிய அனைத்தும் அதே பெயரைப் பின்தொடர்கின்றன. அண்ணன் தனி உரிமையாளராக இவற்றைப் பெற்றுவிட்டால், பத்து ஆண்டுகள் கழித்துத் தங்கைக்கோ தம்பிக்கோ எழுத்தில் எந்த உரிமையும் இருக்காது. அண்ணன் கெட்டவர் என்பதால் இது நேர்வதில்லை. யாரும் எழுதி வைக்காததால் நேர்கிறது. குறிப்பாக, கிடங்கிலும் கணக்கிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்துவிட்டு, திருமணமானதும் ‘அப்பா கடையில் உதவியாக இருந்தாள்’ என்ற ஒற்றை வரியோடு அனுப்பப்படும் பெண்களை எனக்கு நன்றாகத் தெரியும். பரம்பரைச் சொத்தில் பங்கு கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. உழைத்து உருவாக்கிய தொழிலில் பங்கு வேண்டுமானால் ஒப்பந்தப் பத்திரத்தில் பெயர் இருக்க வேண்டும்.

எனவே முதல் வேலை, கூட்டு நிறுவனத்தை அமைத்து, அந்த நிறுவனத்தின் பான் எண்ணில் ஐ.இ.சி. பெறுவதாகும். விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய்தான். ஆனால் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்துக்குள், விவரங்களில் மாற்றம் இல்லாவிட்டாலும், தளத்தில் அதனை உறுதிசெய்ய வேண்டும்; தவறினால் எண் முடக்கப்படும். சரக்கு கடலில் வரும்போது எண் முடங்கிக் கிடப்பதைக் கண்டறிவதைவிடக் கொடுமையான காலை ஒன்று இத்தொழிலில் இல்லை. இந்த ஒரு வேலைக்கு மூவரில் யார் பொறுப்பு என்று பெயர் குறித்து எழுதி வையுங்கள்.

கூட்டாண்மை நிறுவனமா, எல்.எல்.பி. எனப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையா என்ற கேள்வி அடுத்து வரும். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒரு பங்குதாரர் தொழிலுக்காகப் போடும் கையெழுத்து மற்றவர்களையும் கட்டுப்படுத்தும். கடனுக்கு ஒவ்வொருவரும் தனித்தும் சேர்ந்தும் பொறுப்பாளிகள். பத்திரத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் லாபமும் நட்டமும் சமபங்கு, யாருக்கும் சம்பளம் கிடையாது, ஒப்புக்கொண்ட முதலுக்கு மேல் ஒருவர் கொடுத்த பணத்துக்கு ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி, ஒருவர் இறந்தால் நிறுவனமே கலைந்துவிடும் என்று சட்டம் தானாகவே நிரப்பிக்கொள்கிறது. உங்கள் குடும்பத்துக்கு இவை பொருந்துமா என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பேசுங்கள். எங்கள் வீட்டில் அண்ணன் முழுநேரமும் உழைத்தார், தம்பி வேறு வேலையில் இருந்துகொண்டு பணம் மட்டும் போட்டான். அப்படியிருக்க ‘எல்லாருக்கும் சமம்’ என்பது இருவருக்குமே அநியாயமாக இருந்தது. பத்திரத்தை எழுதியபின் பதிவுத்துறையில் நிறுவனத்தைப் பதிவுசெய்வதும் அவசியம். பதிவு செய்யப்படாத நிறுவனம், பணம் தராத மொத்த வியாபாரிமீது ஒப்பந்தத்தின் பேரில் வழக்குத் தொடர முடியாது.

எல்.எல்.பி.யில் தனிச் சொத்துக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. அதேசமயம் ஆண்டறிக்கைகளைத் தாக்கல் செய்யும் செலவும் உண்டு. ஆனால் வங்கி கடன் தரும்போது பெரும்பாலும் பங்குதாரர்களின் தனிப்பட்ட உத்தரவாதத்தைக் கேட்கும். அப்போது அந்தப் பாதுகாப்பு அந்தக் கடனளவில் போய்விடுகிறது. அந்தக் கையெழுத்துக்கு முன்பு அண்ணியும் தம்பி மனைவியும் என் கணவரும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தொகையைச் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது என்பதை வாழ்க்கைத் துணை மூன்றாம் மனிதர் வாயிலாகத் தெரிந்துகொள்ளக் கூடாது.

வாங்குபவர் ஒருவர், தடுப்பவர் வேறொருவர்

வேலைப் பிரிவினையை வயதை வைத்துச் செய்யாதீர்கள். இறக்குமதியில் இயல்பாகவே மூன்று வேலைகள் உண்டு: வெளிநாட்டு விற்பனையாளரிடம் பேசி வாங்குவது, ஆவணங்களையும் துறைமுக அனுமதியையும் கவனிப்பது, இங்கே விற்றுப் பணத்தை வசூலிப்பது. இவற்றில் முதலாவதையும் இரண்டாவதையும் ஒருவரே செய்யக் கூடாது என்பதை அனுபவத்தில் கற்றோம். வாங்கியவருக்குத் தன் முடிவின்மீது பற்று இருக்கும். மாதிரியில் ஈரம் அதிகமாக இருந்தாலும், லேபிளில் ஏதோ குறைந்தாலும், ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று மனம் சொல்லும். ஆகவே லேபிள் படமும் ஆய்வு அறிக்கையும் வந்தபின் ‘ஏற்றலாம்’ என்று எழுத்தில் சொல்லும் அதிகாரம் ஆவணப் பொறுப்பாளருக்கு மட்டுமே இருக்க வேண்டும். அவர் வீட்டில் கடைக்குட்டியாக இருந்தாலும் அவர் ‘வேண்டாம்’ என்றால் அந்தச் சரக்கு ஏற்றப்படக் கூடாது.

இதை நாங்கள் கற்ற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, குளிர்பதனக் கன்டெய்னர் ஒன்றில் ஈரப்பதமான பேரீச்சை வாங்கினோம். வெளி அட்டைப்பெட்டியில் உற்பத்தித் தேதியும் காலாவதித் தேதியும் தெளிவாக இருந்தன. உள்ளே இருந்த சில்லறைப் பொட்டலங்களில் அவை இல்லை. படத்தைப் பார்த்தபோதே எனக்கு உறுத்தியது. அண்ணன் விலை பேசி முடித்துவிட்டார், அவரை எதிர்த்துப் பேசுவதா என்று மௌனமாக இருந்துவிட்டேன். சரக்கு இங்கே நிறுத்தப்பட்டது. ‘சொல்லியிருக்கலாமே’ என்று அண்ணனும், ‘கேட்டிருக்கலாமே’ என்று நானும் மனத்துக்குள் சண்டையிட்டபடி இரண்டு நாள் ஒரு முடிவும் எடுக்காமல் கடத்தினோம். அந்த இரண்டு நாளுக்கும் சேர்த்து, கப்பல் நிறுவனத்துக்குக் கன்டெய்னர் டிட்டென்ஷன் எனப்படும் தாமத வாடகை, கன்டெய்னர் நிலையத்துக்கு இட வாடகை, குளிர்பதனத்துக்கு மின்கட்டணம் என்று மூன்று மீட்டர்கள் ஓடின. தவறு விற்பனையாளருடையதுதான், ஆனால் அதை ஏற்றுவதற்கு முன்பே தடுத்திருக்கக்கூடிய இடம் எங்கள் மேசைதான்.

விதியைப் புரிந்துகொண்டால் ஏன் இவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்பது விளங்கும். 2017ஆம் ஆண்டின் உணவு இறக்குமதி ஒழுங்குமுறைப்படி, லேபிளில் சில குறைகளை மட்டுமே சரக்கு வந்த பிறகு சுங்கக் கட்டுப்பாட்டில் வைத்து, உரிக்க முடியாத ஸ்டிக்கர் ஒட்டிச் சரிசெய்துகொள்ளலாம். இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சின்னமும் உரிம எண்ணும், சைவ அசைவக் குறியீடும் அத்தகையவை. உற்பத்தித் தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண், சேர்மானப் பட்டியல் ஆகியவை உற்பத்தியாளரிடமிருந்தே சரியாக வர வேண்டும். ஆகவே அச்சுக்குப் போகும் முன் லேபிளின் வடிவத்தையும், அச்சான பிறகு உள்பொட்டலம், வெளிப்பெட்டி இரண்டின் புகைப்படத்தையும் கேட்டு வாங்குங்கள். உணவு அதிகாரி ஆய்வுக்காகச் சரக்கிலிருந்து மாதிரி எடுக்கும்போது இரண்டு பகுதிகளாக எடுப்பார். முதல் ஆய்வில் தவறிப்போனால் மேல்முறையீடு செய்து இரண்டாவதை மேல்நிலை ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்கலாம். அதுவரை சரக்குக்குக் குளிரும் வாடகையும் யார் பணத்தில் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து, அதற்கென ஒரு தொகையைத் தொடாமல் வைத்திருப்பது நல்லது.

ஆவணப் பொறுப்பாளரின் நாள்காட்டியில் இன்னொரு தேதியும் இருக்க வேண்டும். பில் ஆஃப் என்ட்ரி எனப்படும் சுங்க இறக்குமதி அறிவிப்பைக் கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் தாக்கல் செய்ய வேண்டும். இலங்கை போன்ற சில அண்டை நாடுகளிலிருந்து வரும் சரக்குக்கு மட்டும் வரும் நாள் முடியும்வரை அவகாசம் உண்டு. தாமதமானால் முதல் மூன்று நாள்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும், அதன்பின் நாளொன்றுக்கு 10,000 ரூபாயும் கட்டணம். பழம், பருப்பு, விதை போன்ற தாவரப் பொருள்களுக்கு ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழும் தேவைப்படும்; சென்னையில் அதைப் பார்க்கும் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம் மீனம்பாக்கத்தில் இருக்கிறது. சான்றிதழில் உள்ள பெட்டி எண்ணிக்கை, எடை, தாவரவியல் பெயர் ஆகியவை இன்வாய்சோடும் பேக்கிங் லிஸ்ட்டோடும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று, அசல் கூரியரில் புறப்படும் முன்பே நகலில் சரிபாருங்கள்.

ஆயுளும் பருவமும்

இறக்குமதியாகும் உணவுக்கு, வரும்போது மொத்த ஆயுளில் 60 விழுக்காடு அல்லது மூன்று மாதம், இவற்றில் எது குறைவோ அதுவாவது மீதம் இருக்க வேண்டும். ஓராண்டு ஆயுள் உள்ள பொருளுக்கு மூன்று மாதம் மீதமிருந்தால் சட்டம் அனுமதிக்கும். கடைக்காரர் அனுமதிக்க மாட்டார். பாதி ஆயுளைக் கடந்த சரக்கை வாங்கப் பெரிய கடைகள் தயங்கும். வாங்குபவர் சட்டத்தின் எல்லையைச் சொல்லி மலிவுச் சரக்கை நியாயப்படுத்துவார், விற்பவர் கடைக்காரரின் முகத்தைச் சொல்லி மறுப்பார். இந்தச் சச்சரவை ஒவ்வொரு முறையும் நடத்தாமல், ‘ஏற்றும் நாளில் இத்தனை மாதம் மீதம் இருக்க வேண்டும்’ என்று பொருள் வாரியாக ஒரு பட்டியல் போட்டு மூவரும் கையெழுத்திடுங்கள்.

பேரீச்சையில் பருவக் கணக்கு தனியானது. வளைகுடாப் பகுதியில் முதன்மை அறுவடை ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நடக்கிறது. நம் ஊரில் விற்பனை உச்சம் அடைவது ரமலான் மாதத்தில். ரமலான் ஆண்டுதோறும் சுமார் பதினொரு நாள் முன்னால் நகர்வதால், அறுவடைக்கும் விற்பனைக்கும் இடைப்பட்ட காலம் இப்போது சுருங்கிக்கொண்டே வருகிறது. 2030ஆம் ஆண்டில் ஜனவரியிலும் டிசம்பர் இறுதியிலுமாக இரண்டு முறை ரமலான் தொடங்கும். பழைய பழத்தைக் குளிர்பதனக் கிடங்கில் வைத்து விலையேறக் காத்திருக்கும் அப்பா காலத்து முறை இனி வரும் சில ஆண்டுகளுக்கு முன்போல் பலிக்காது. இதைப் பற்றி அண்ணனும் தம்பியும் வேறுபடுவது இயல்பு; யார் ‘வாங்கு’ என்று சொன்னார்கள் என்பதை அன்றே எழுதி வைத்தால், பின்னாளில் நினைவை வைத்துச் சண்டை போட வேண்டியிருக்காது.

ஈரானின் மஸாஃபத்தி போன்ற ஈரப் பழத்துக்குக் கடைசிவரை குளிர் தேவை. ஈராக்கின் ஸாஹிதி போன்ற உலர்ந்த வகை சாதாரணக் கன்டெய்னரையும் ஓரளவு தாங்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் உலர்ந்த வகையிலிருந்தே தொடங்குவது நல்லது என்பது என் திடமான கருத்து. தவறு செய்ய அவகாசம் தரும் பழம் அது. துனீசியாவின் டெக்லெட் நூர் வாங்க நினைப்பவர்கள், 2023 இறுதியிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதையும், பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்ததையும் மறவாமல், பயண நாளில் தாராளமாக இடம் விட வேண்டும்.

பிறப்பிடம்

மலிவாக ஒரு விலை வந்தால், பழம் எந்த நாட்டில் விளைந்தது என்பதை முதலில் கேளுங்கள். 2025 மே 2 முதல் பாகிஸ்தானில் விளைந்த அல்லது அங்கிருந்து ஏற்றுமதியாகும் எந்தப் பொருளும், நேரடியாகவோ வேறு நாட்டின் வழியாகவோ, இந்தியாவுக்குள் வரக்கூடாது. அதன்பின் துபாய் வழியாக ஐக்கிய அரபு அமீரகப் பழம் என்ற பெயரில் வந்த பாகிஸ்தான் பேரீச்சையை வருவாய்ப் புலனாய்வுத் துறை பறிமுதல் செய்தது. 2022 மே 1 முதல் நடப்பிலுள்ள இந்தியா – அமீரக ஒப்பந்தத்தின் வரிச்சலுகையைக் கோரும்போது, பொருள் அங்கே விளைந்தது என்பதற்கான விவரங்களை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும் என்று சுங்கச் சட்டம் எதிர்பார்க்கிறது. விற்பனையாளர் தந்த சான்றிதழ் மட்டும் போதாது. ‘துபாயில் நமக்குத் தெரிந்தவர்’ என்று உறவினர் ஒருவர் அறிமுகப்படுத்தும் விற்பனையாளருக்கும் இதே கேள்விகள் கேட்கப்பட வேண்டும். உறவு முறிந்துவிடுமோ என்று கேட்காமல் விட்டால், பத்திரத்தில் பெயருள்ள அனைவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பணம் போகும் வழி

முன்பணம், சரக்கு ஆவணங்களை வங்கி வழியே பெறும்போது தரும் பணம், எல்.சி. என்னும் கடனுறுதிக் கடிதம் என மூன்று வழிகளில் பெரும்பாலும் பணம் போகிறது. எல்.சி. இருந்தால் சரக்கு நன்றாக வரும் என்று எண்ணிவிடாதீர்கள். வங்கி பார்ப்பது ஆவணங்களை மட்டுமே, சரக்கை அல்ல. காகிதம் சரியாக இருந்தால் கன்டெய்னருக்குள் புழு இருந்தாலும் பணம் போய்விடும். அதனால் ஏற்றுமதித் துறைமுகத்தில் மூன்றாம் தரப்பு ஆய்வு நிறுவனத்தின் சான்றிதழையும் எல்.சி.யில் ஓர் ஆவணமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். எங்களிடம் ஓர் ஒழுங்கு உண்டு: குறிப்பிட்ட தொகைக்கு மேல் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப இருவர் இணையவழி ஒப்புதல் தர வேண்டும், விற்பனையாளர் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், பழைய தொலைபேசி எண்ணில் அழைத்துக் குரலைக் கேட்ட பின்பே மாற்ற வேண்டும். அனுப்பிய ஒவ்வொரு தொகைக்கும் ஈடாகப் பில் ஆஃப் என்ட்ரி பதிவாகிறதா என்று வங்கி கண்காணிக்கிறது. அந்த இணைப்பு விடுபட்டால் அடுத்த பணம் அனுப்புவது சிக்கலாகும்.

கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த சி.ஐ.எஃப். விலையில் வாங்கும்போது காப்பீடு விற்பனையாளர் எடுத்ததாக இருக்கும். பன்னாட்டு வணிகச் சொற்களுக்கான இன்கோடெர்ம்ஸ் 2020 விதிப்படி அவர் எடுக்க வேண்டியது குறைந்தபட்சப் பாதுகாப்பு மட்டுமே. குளிர்பதன இயந்திரம் பழுதாகிப் பழம் புளித்தால் அதில் பணம் வராது. ஆபத்தோ ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றியவுடனேயே நம்மிடம் வந்துவிடுகிறது. எனவே கப்பலில் ஏற்றும்வரையிலான செலவு மட்டும் சேர்ந்த எஃப்.ஓ.பி. விலையில் வாங்கி, குளிர்பதனப் பழுதையும் சேர்த்துக் காப்பீட்டை இங்கேயே எடுப்பதை நான் பரிந்துரைக்கிறேன்.

அடக்கவிலைத் தாள் ஒன்றை மூவரும் பார்க்கும்படி வைத்திருங்கள். கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த மதிப்பு 100 ரூபாய், அடிப்படைச் சுங்க வரி 20 விழுக்காடு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அந்த வரியின்மேல் 10 விழுக்காடு சமூக நலக் கூடுதல் வரி சேர்ந்து 122 ரூபாய் ஆகும்; அதன்மேல் 5 விழுக்காடு ஐ.ஜி.எஸ்.டி. எனப்படும் இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி. 6 ரூபாய் 10 காசு. இதன்பின் கன்டெய்னர் நிலையம், சுங்க முகவர், லாரி, குளிர்பதனக் கிடங்கு, கழிவு, வங்கி வட்டி ஆகியவை சேரும். வாங்குபவர் 100ஐ நினைவில் வைத்து ‘நல்ல லாபம்’ என்பார். விற்பவர் எல்லாம் சேர்ந்த விலையைப் பார்த்து ‘கட்டுப்படியாகவில்லை’ என்பார். ஒரே தாளைப் பார்க்காத இரண்டு நேர்மையான மனிதர்கள் ஒருவரையொருவர் சந்தேகிக்கத் தொடங்குவது இங்கேதான்.

வீடும் கல்லாவும்

உழைப்பவருக்கு மாதச் சம்பளம், பணம் போட்டவருக்கு லாபப் பங்கு என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். மூத்த பிள்ளையின் படிப்புக் கட்டணம், அம்மாவின் மருத்துவச் செலவு போன்றவை நிறுவனத்திலிருந்து போனால், எடுத்தவர் கணக்கில் அன்றே பற்று வைக்கப்பட வேண்டும். அம்மாவுக்காக மூவரும் பகிர்ந்துகொள்ளும் தொகையை அவரவர் பங்கிலிருந்து தனியாக ஒதுக்கிவிட்டோம். அதன்பிறகு அவருடைய மருத்துவமனைச் செலவைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை எழுந்ததில்லை. பண்டிகைக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போகும் பழப்பெட்டிகளுக்கும் சீட்டு எழுதுங்கள். சிறியது என்று விட்டது ஓராண்டில் பெட்டிக் கணக்கில் வந்து நிற்கும்.

அண்ணியோ மாப்பிள்ளையோ பிள்ளைகளோ வேலைக்கு வருவதாக இருந்தால், எந்த வேலைக்கு, என்ன சம்பளத்துக்கு, யாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்பதை மூவரும் ஒப்புக்கொண்ட பிறகே வர வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை, சாப்பாட்டு நேரத்தில் அல்லாமல், கிடங்கிலோ அலுவலகத்திலோ உட்கார்ந்து பேசி, முடிவுகளைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். தொழில் தகராறை அம்மாவிடம் கொண்டுபோகாதீர்கள். எந்தப் பிள்ளைக்குத் தீர்ப்புச் சொன்னாலும் அவருக்கு அன்று தூக்கம் இருக்காது. தாய்மாமனையும் கூட்டாதீர்கள். இரு தரப்பும் நம்பும் தணிக்கையாளர் ஒருவரையோ தொழில் தெரிந்த மூத்த வியாபாரி ஒருவரையோ பத்திரத்திலேயே நடுவராகக் குறிப்பிட்டு வைப்பது உத்தமம்.

பிரியும் வழியையும் எழுதுங்கள்

இதைப் பேசும்போது கண்ணீர் வரும்; ‘சேரும் முன்பே பிரிவா’ என்று யாராவது எழுந்து போவார்கள். எங்கள் வீட்டில் தம்பி எழுந்து போனான். மறுவாரம் அவனே திரும்ப வந்து முதல் வரியை எழுதினான். விலக விரும்புபவர் எத்தனை மாதம் முன்னறிவிப்புத் தர வேண்டும், அவருடைய பங்கை வாங்கும் முதல் உரிமை யாருக்கு, மதிப்பை யார் கணக்கிடுவது, தொகையை எத்தனை தவணையில் தருவது, இறந்தவரின் பங்கு அவருடைய குடும்பத்துக்கு எப்படிப் போகும், அதற்குப் பிறகும் நிறுவனம் தொடருமா என்பவை கட்டாயம் இருக்க வேண்டும். வணிகப் பெயரின் டிரேட்மார்க் எவருடைய தனிப்பெயரிலும் இல்லாமல் நிறுவனத்தின் பெயரில் பதிவாகட்டும். வங்கிக்குத் தந்த தனிப்பட்ட உத்தரவாதம் விலகிய நாளோடு தானாக முடிந்துவிடாது. வங்கியிடமிருந்து எழுத்தில் விடுவிப்புப் பெற்றுத் தருவது மீதமிருப்பவர்களின் கடமை என்று சேருங்கள்.

இருப்புச் சரக்கின் மதிப்பை விலை ஏறிய நாளில் ஒருவரும் இறங்கிய நாளில் மற்றொருவரும் சொல்வார்கள் என்பதால், அடக்கவிலையிலேயே கணக்கிடுவது என்று நாங்கள் எழுதியிருக்கிறோம். கடலில் வந்துகொண்டிருக்கும் கன்டெய்னர்கள் மட்டும் அதில் சேராது. அவை வந்து, அனுமதி பெற்று, விற்று, பணம் வசூலாகும் வரை விலகுபவருக்கும் அவற்றின் லாபத்திலும் நட்டத்திலும் பழைய பங்கு உண்டு. அந்தக் கணக்குக்கு மட்டும் தனிப் பேரேடு ஒன்று திறக்கப்படும், அதைப் பார்க்கும் உரிமையும் கடைசிப் பெட்டி விற்கும்வரை அவருக்கு இருக்கும்.